ஸ்ட்ரைக் முடிந்தும் சீசன் ஏன் வரவில்லை? லிங்க்கைத் தொடுமுன் இதைப் படியுங்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2023-ல் அமெரிக்க எழுத்தாளர்கள் செய்த ஸ்ட்ரைக்கால் தள்ளிப்போய், நீங்கள் காத்துக்கொண்டிருக்கும் சீசன் என் லேப்டாப்பில் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் நிஜமாகவே இல்லை.

நான் பெரம்பூரில் இருந்துகொண்டு வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுகிறவன். இடையில் நம்ம ஊர் சீரியல்களுக்கும் எழுதியிருக்கிறேன். இது தெரிந்த நாளிலிருந்து வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர்ப் பையன்கள் ஆளாளுக்கு லிங்க் அனுப்பி, “ணா, இது ஒரிஜினலா?” என்று கேட்பார்கள். ‘2023 ஸ்ட்ரைக்கில் முடக்கி வைத்த எபிசோடுகள் வெளியே வந்துவிட்டன, தமிழ் டப்பிங்குடன்’ என்று தலைப்பு இருக்கும். அழுத்தினால் ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும். வேண்டாம் என்று சொல்வேன், கேட்டுக்கொள்வார்கள். போன மாதம் கொருக்குப்பேட்டையில் ஒரு பையன் கேட்காமலேயே இறக்கிவிட்டான். போனில் வருகிற ஓடிபி எல்லாம் வேறு எவனுக்கோ போயிருக்கிறது. அவன் அம்மா சீட்டு எடுத்து வங்கியில் போட்டிருந்த பணம் இரண்டு தவணையாகப் போய்விட்டது. அந்தம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “சினிமாக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணா எங்க பணம் ஏன் போவுது?”

நியாயமான கேள்வி. ஆப் எப்படித் திருடுகிறது என்பதை விளக்க இங்கே ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். அந்தப் பையன் நம்பியது எதை? எங்கோ ஒரு குடோனில் எபிசோடுகள் அடுக்கிக் கிடக்கின்றன, யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். என் தொழிலில் இருக்கிற எவனுக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஸ்ட்ரைக் செய்தவர்கள் எழுத்தாளர்கள். எழுதாத எபிசோடை யார் பூட்டி வைப்பது?

“எழுத்தாளர் இல்லாட்டி இன்னாணா? கதைதான் ஏற்கெனவே இருக்குதே. ஹீரோவே நாலு டயலாக் வுட்டா முடிஞ்சிது.” டீக்கடையில் இதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள். எழுத்தாளர் என்றால் வசனம் போடுகிற ஆள் என்ற எண்ணம் நமக்கு ஊறிப்போய்விட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிலைமையே வேறு. அங்கே ஒரு தொடரின் தலைவர் பெரும்பாலும் எழுத்தாளர்தான். அவரை ஷோரன்னர் என்பார்கள். எபிசோடுக்கு எபிசோடு டைரக்டர் மாறலாம், இவர் மாறமாட்டார். நடிகர் தேர்வு, செட், உடை, எடிட்டிங், பின்னணி இசை என எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை இவருடையது. இவருக்குக் கீழே ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் உட்கார்ந்து சீசன் முழுக்கக் கதையை உடைத்து எபிசோடாக்குவார்கள். படப்பிடிப்பு தொடங்கிய பிறகும் அவர்கள் வேலை ஓயாது. மழை வந்து மொட்டை மாடிக் காட்சியை உள்ளே மாற்றினால், உள்ளே நின்று அதே வசனத்தைப் பேச முடியாது. ஒரு நடிகருக்குக் காலில் அடிபட்டால், ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற காட்சி உட்கார்ந்து அழுகிற காட்சியாக வேண்டும். ஓடிவரும்போது பேச எழுதியது இரண்டு வரி, உட்கார்ந்தால் அரைப்பக்கம் வேண்டியிருக்கும். அந்த அரைப்பக்கத்தில் சொன்ன ஒரு விஷயம் ஆறாவது எபிசோடில் இடிக்கும், அதையும் திருத்த வேண்டும். இத்தனையும் செய்வது எழுத்தாளர். ஸ்ட்ரைக் என்றால் இந்தத் திருத்தம் ஒரு வரிகூடக் கிடையாது.

நான் சொன்னால் நம்பவேண்டாம். 2023 மே மாதம் ஸ்ட்ரைக் தொடங்கிய சில நாட்களிலேயே, ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் ஐந்தாவது சீசன் படப்பிடிப்பைத் தள்ளிவைத்தார்கள். படப்பிடிப்பு தொடங்கிவிட்டால் எழுத்து நின்றுவிடுவதில்லை என்பதுதான் அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணம். 2024 ஜனவரியில்தான் கேமரா ஓடியது. திரைக்கு வந்தது 2025 நவம்பரில்.

நம்ம ஊர் சீரியலில் நிலைமை இன்னும் மோசம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சக தொழிலாளிகள் கோபித்துக்கொள்வார்கள். காலை ஏழு மணிக்கு மேக்கப் போடும்போதுதான் சீன் பேப்பர் வாட்ஸ்அப்பில் வரும். வியாழக்கிழமை டிஆர்பி இறங்கினால் வெள்ளிக்கிழமை கதை டிராக் மாறும். நடிகை விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அவர் படத்தைப் போடுவார்கள். வசனகர்த்தா விலகினால் டைட்டிலில் ஒரு பெயர் மாறும், வீட்டில் யாரும் கவனிக்கமாட்டார்கள். மாமியார் திடீரென்று வேறு மாதிரி பேச ஆரம்பித்தால் “சீரியல் இப்பல்லாம் நல்லாவே இல்ல” என்பார்கள், அவ்வளவுதான். முன்கூட்டியே எடுத்து வைத்த எபிசோடு, ‘பேங்க்’ என்போம், சில நாளைக்குத்தான் கையில் இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் உங்கள் வீட்டு டிவியில் பழைய தொடர்கள் மறுபடி ஓடியது ஞாபகம் இருக்குமே. கையிருப்பு தீர்ந்துபோனதன் முகம் அதுதான்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாள். ஏறக்குறைய 11,500 எழுத்தாளர்கள். ஓடிடியில் ஒரு தொடர் எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் எழுதியவனுக்கு வருவது கிட்டத்தட்ட ஒரே தொகை, எழுத்தாளர் அறையை நாலைந்து பேராகச் சுருக்கி சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவது, நாளைக்கு இயந்திரம் எழுதும் என்ற பயம் எல்லாம் சேர்ந்து வெடித்தது. நடுவில் ஜூலை 14-ல் நடிகர்களும் இறங்கினார்கள். அவர்கள் பிரச்சினை தீர நவம்பர் 9 ஆனது. இரண்டு பூட்டு விழுந்தால் இரண்டையும்தான் திறக்கவேண்டும். எழுத்தாளர் ஸ்ட்ரைக் முடிந்த அன்றைக்கே “நாளைக்கு எபிசோடு வருமாணா?” என்று கேட்டவர்களுக்கு இது புரியவேயில்லை.

காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14 நள்ளிரவு முடிகிறது என்றால், 15-ந் தேதி காலையில் வஞ்சிரம் வந்து நிற்காது. போட் கடலுக்குப் போகவேண்டும், தங்கி வலை போடவேண்டும், திரும்பி வரவேண்டும். தொடருக்கு இந்தத் தூரம் இன்னும் அதிகம். கதை அறைக்குச் சில மாதம், முன்தயாரிப்பு, படப்பிடிப்பு, கிராஃபிக்ஸ், ஒலி, அதற்குப் பிறகு என்னை மாதிரி ஆட்கள் பல மொழிகளில் உட்காருவது. அந்தக் கோப்பு எங்கள் கைக்கு வரும்போது எப்படி இருக்கும் தெரியுமா? பெரிய தொடர் என்றால் படம் முழுக்க வாட்டர்மார்க். சிலவற்றில் திரையே கறுப்பு, பேசுகிறவர் வாய் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தெரியும். உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம வருகிற சொல்லைப் போட அந்த வட்டம் போதும். யார் யாரைக் கொன்றார் என்று எனக்கே தெரியாது. இதில் ‘தமிழ் டப்பிங்குடன் லீக்’ என்று ஒருவன் சொன்னால் சந்தேகப்பட வேண்டாமா?

“அப்போ ஹவுஸ் ஆஃப் த டிராகன் மட்டும் எப்படி வந்தது?” என்று மடக்குவார்கள். இரண்டாவது சீசனின் கதைத்தாள் முழுக்க ஸ்ட்ரைக்குக்கு முன்பே முடிந்துவிட்டது. படப்பிடிப்பு பிரிட்டனில், அங்கே நடிகர் சங்கமும் வேறு. அதனால் நிற்கவில்லை, 2024 ஜூனில் வந்தது. முடிந்த படைப்பையும் தள்ளிவைத்தது உண்டு. நடிகர்கள் விளம்பரத்துக்கு வரமுடியாததால் டியூன் இரண்டாம் பாகத்தை 2023 நவம்பரிலிருந்து 2024 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதுவும் தியேட்டரில்தான் வந்தது, டெலிகிராமில் அல்ல.

ரசிகர்களுக்கு உண்மையில் விழுந்த அடி காத்திருப்பு மட்டும் அல்ல. அரைகுறையாக வெட்டிய கதை இன்னும் பெரிய அடி. 2007 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை நடந்த 100 நாள் ஸ்ட்ரைக்கில் ஹீரோஸ் தொடரின் இரண்டாம் சீசன் பதினோரு எபிசோடோடு முடிந்தது. வைரஸ் பரவுவதாகப் போகவேண்டிய கதையை, கடைசி எபிசோடின் முடிவை மாற்றி எடுத்து மூடினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொடர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது என் கருத்து. பிரேக்கிங் பேட் முதல் சீசன் ஒன்பது எபிசோடாக வரவேண்டியது ஏழோடு நின்றது. அது நல்லதாகவே முடிந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தொடரில் வருகிற ஜெஸ்ஸி என்ற பையனைப் பற்றி ‘ஸ்ட்ரைக் வந்ததால்தான் ஜெஸ்ஸி பிழைத்தான்’ என்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மீம் சுற்றுகிறதே, அதை விடுங்கள். அந்தப் பையனைக் கொல்லக்கூடாது என்பது இரண்டாவது எபிசோடு எடுக்கும்போதே தெரிந்துவிட்டது என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே சொல்லிவிட்டார்.

நிறுவனங்கள் ஸ்ட்ரைக்கைச் சாக்காகவும் பயன்படுத்திக்கொள்ளும். அடுத்த சீசன் உண்டு என்று அறிவித்திருந்த த பெரிஃபெரல் உட்பட இரண்டு தொடர்களை 2023 ஆகஸ்டில் அமேசான் ரத்து செய்தது, ஸ்ட்ரைக்கைக் காரணமாகக் காட்டி. ரத்தான கோபத்தை ரசிகர்கள் யார் மேல் கொட்டினார்கள் என்று கேட்காதீர்கள். கையில் தட்டி பிடித்து வெயிலில் நின்றவன் மேல்தான்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் பாட்டன் பின்னி மில்லில் வேலை பார்த்ததைப் பெருமையாகச் சொல்கிற பிள்ளைகள், “எழுதுறவனுக்கு எதுக்குடா ஸ்ட்ரைக்கு” என்று கமெண்ட் போடுகிறார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918-ல் நம்ம பெரம்பூர்ப் பக்கம் உருவானது. திரு.வி.க. பேசிய மண். 1921-ல் மில்லில் மாதக்கணக்கில் ஸ்ட்ரைக் நடந்தது. அந்தத் தெருக்களிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அமெரிக்க ரசிகர்கள் இதில் நம்மைவிடத் தேவலை. 2007-ல் எழுத்தாளர்களுக்கு ஆதரவாகப் பெட்டி பெட்டியாகப் பென்சில் வாங்கி ஸ்டுடியோ முதலாளிகளுக்கு அனுப்பினார்கள். 2023 செப்டம்பரில் நடிகை ட்ரூ பேரிமோர் எழுத்தாளர் இல்லாமல் தன் டிவி பேட்டி நிகழ்ச்சியைத் திரும்பத் தொடங்குவதாக அறிவித்ததும் எதிர்ப்புக் கிளம்பியது, சில நாளில் அவரே பின்வாங்கினார். கடைசியில் எழுத்தாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஒப்பந்தம் வந்தது. அதன்படி இயந்திரம் எழுதியதை எழுத்தாளர் எழுதியதாகக் கணக்கில் எடுக்கமுடியாது, அதைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரை வற்புறுத்தவும் முடியாது. ஆகவே ‘ஏஐ மிச்ச எபிசோடை எழுதிவிட்டது’ என்று வருகிற லிங்க்கும் பொய்தான். இதையும் ஒரு பையன் அனுப்பியிருந்தான்.

இனி சொல்வதை வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்கள்.

எந்தத் தொடரும் ஏபிகே கோப்பாக, அதாவது போனில் ஆப்பை ஏற்றுகிற கோப்பாக, வராது. ‘பார்க்க இந்த ஆப்பை இறக்கு’ என்றாலே மூடிவிடுங்கள். தேதியை அந்த ஓடிடியின் சொந்தப் பக்கத்தில் மட்டும் பாருங்கள், மூன்றாம் ஆள் சொல்கிற தேதி எல்லாம் ஊகம். ‘அடுத்த மாதம் வருகிறது’ என்று யாரோ சொன்னதை நம்பி வருஷச் சந்தா கட்டாதீர்கள், வந்த பிறகு ஒரு மாதத்துக்குக் கட்டிப் பார்த்தால் போதும். தம்பிகளா, நடிகர் போஸ்ட் போடவில்லை என்று அவர் பக்கத்தில் போய்த் திட்டாதீர்கள். 2023-ல் அந்த நான்கு மாதமும் தங்கள் படைப்பைப் பற்றிப் பேசவே சங்கம் அவர்களைத் தடுத்திருந்தது. டப்பிங் குரல் கொடுத்த பெண்ணைத் திட்டுவது அதைவிடக் கேவலம். வேலை இல்லாத மாதங்களில் அவருக்கும் வருமானம் இல்லை, எனக்கும் இல்லை, லைட்மேனுக்குப் பேட்டாவும் இல்லை.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் போனில் செட்டிங்ஸ் போய், தெரியாத இடத்திலிருந்து ஆப் இறக்கும் அனுமதி ஓப்பனாக இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பக்கத்து மொபைல் கடையில் கேளுங்கள், ஒரு நிமிஷ வேலை. வங்கிக் கணக்கு இருக்கிற போனைப் படம் பார்க்கக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. கொருக்குப்பேட்டை அம்மா ஒரு நாள் முழுக்க மகனைத் திட்டிவிட்டு மறுநாள்தான் போன் செய்தார். திட்டுவதைப் புகாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.