பாட்டிலில் ஒரு கோடு

மகளுக்குக் காது வலி. டாக்டர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கிறது என்று சொல்லி ஓர் ஆன்டிபயாடிக் டிரை சிரப் எழுதிக் கொடுத்தார். காலையும் இரவும் 5 மில்லி, 5 நாளைக்கு. மெடிக்கலில் வாங்கிய பெட்டி கைக்கு லேசாக இருந்தது. ஆட்டினால் உள்ளே குருணை உருள்கிற மாதிரி சத்தம். வீட்டுக்கு வந்து நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா வேலையை முடித்துவிட்டார். வெந்நீரை ஆறவைத்து, பாட்டிலின் கழுத்து வரைக்கும் ஊற்றி, மூடிக் குலுக்கி வைத்திருந்தார்.

"கோடு வரைக்கும்தானேம்மா ஊத்தணும்?" என்றேன்.

"கெட்டியா இருந்தா புள்ளைக்குத் தொண்டையில இறங்குமாடி? கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும்."

குழம்புக்கு அது சரி. டிரை சிரப்புக்கு அந்தக் கோடுதான் கணக்கே.

அந்தப் பாட்டிலில் போட்டிருந்தது இது: 5 மில்லியில் அமாக்சிசிலின் 200 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 28.5 மில்லிகிராம். பெட்டியில் பெரிதாக 228.5 என்று அச்சிட்டிருப்பது இரண்டின் கூட்டுத்தொகை. ஆனால் கடையில் நாம் வாங்கும் பாட்டிலில் 5 மில்லி என்று எதுவுமே கிடையாது, பவுடர் மட்டும்தான். கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலந்தால் 30 மில்லி மருந்து வரும்; அதில் மொத்தம் 1,200 மில்லிகிராம் அமாக்சிசிலின் இருக்கும். அம்மா கழுத்து வரை ஊற்றியதில் அது 40 மில்லி ஆகிவிட்டது. அப்போதும் உள்ளே இருப்பது அதே 1,200 மில்லிகிராம்தான். ஆகவே 5 மில்லியில் குழந்தைக்குப் போவது 200 இல்லை, 150. கைநடுங்கி 24 மில்லியிலேயே நிறுத்தியிருந்தால் 250 போயிருக்கும். டாக்டர் குழந்தையை எடைமேடையில் நிறுத்தி, கிலோவுக்கு இவ்வளவு என்று போட்ட கணக்கு அடுப்படியில் மாறிவிடும்.

மருந்துக் கம்பெனி தன் கடைசி வேலையை நம் வீட்டுச் சமையலறைக்கு ஏன் தள்ளிவிட வேண்டும்? தண்ணீரையும் அவர்களே கலந்து விற்றால் என்ன?

விற்க முடியாது. அமாக்சிசிலின் உட்பட பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின் நடுவிலும் பீட்டா-லாக்டம் என்று ஒரு குட்டி வளையம் இருக்கிறது. மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன், மொத்தம் நாலே அணுக்கள் கைகோத்த சதுரம். அந்த அணுக்களுக்கு 109, 120 டிகிரியில் கைநீட்டி நிற்பதுதான் இயல்பு. இங்கே ஏறக்குறைய 90 டிகிரிக்கு மடக்கப்பட்டிருக்கின்றன. நாணேற்றிய வில் மாதிரி விறைப்பாக இருக்கும். பாக்டீரியா தன் சுவரைக் கட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் நொதி இதைத் தொட்டதும் வளையம் பட்டென்று விட்டு, அந்த நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. கொத்தனாரின் கையில் சிமெண்ட் இறுகிவிட்ட கதைதான். சுவர் எழும்பாது, பாக்டீரியா வெடித்துச் சாகும்.

1940களில் பென்சிலினின் அமைப்பு என்ன என்று தெரியாமல் வேதியியலாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி விறைத்த வளையம் இருக்கவே முடியாது என்பது ஒரு கட்சி. அது உண்மையானால் நான் வேதியியலை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போகிறேன் என்று ஜான் கார்ன்ஃபோர்த் சொன்னதாகக் கதை உண்டு. 1945இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர் ஆய்வில் அந்த வளையத்தைக் காட்டிவிட்டார். கார்ன்ஃபோர்த் காளான் வளர்க்கப் போகவில்லை; 1975இல் வேதியியலுக்கான நோபல் வாங்கினார்.

பாக்டீரியாவைக் கொல்லும் அதே விறைப்புதான் மருந்துக்கும் வினை. பாக்டீரியா தொட்டால் உடைகிற வளையம், தண்ணீர் பட்டாலும் மெல்ல மெல்ல உடையும். உடைந்த பிறகு பாட்டிலில் மிஞ்சுவது ஸ்ட்ராபெரி வாசனை மட்டும். கூட வரும் கிளாவுலானிக் அமிலம் இன்னும் நோஞ்சான். சில பாக்டீரியாக்கள் அமாக்சிசிலினின் வளையத்தை வெட்டுவதற்கென்றே ஒரு நொதியை வைத்திருக்கின்றன. அந்தக் கத்தரிக்கோலுக்குத் தன்னையே கொடுத்து அதை மழுங்கடிப்பது கிளாவுலானிக் அமிலத்தின் வேலை. ஈரக்காற்றுகூட அதற்கு ஆகாது. இந்தக் கூட்டு மருந்தைக் கலந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடிக்கும்படி பெரும்பாலான லேபிள்கள் சொல்வது அதனால்தான். 10 டிகிரி சூடு கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஃப்ரிட்ஜுக்குள் 5 டிகிரி, மே மாத அடுப்படியில் 35 டிகிரி என்றால் சிதைவு 8 மடங்கு வேகத்தில் நடக்கும். வெந்நீரைச் சூட்டோடு ஊற்றக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது, உறைந்து உருகினால் கலவை திரிந்துவிடும். கலந்த தேதியை லேபிளின் மேல் பேனாவால் எழுதி வைப்பது நல்லது. மூன்றாம் நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இப்படி இல்லை. அசித்ரோமைசினில் இந்த வளையமே கிடையாது. கலந்தபின் வெளியிலேயே வைக்கலாம் என்று அதன் லேபிள்களில் வழக்கமாக இருக்கும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். அமாக்சிசிலினிலேயே ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை இருக்கிறது. குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது அதைத்தான்.

சரி, கலப்பது எப்படி? முதலில் மூடியோடு பாட்டிலைத் தட்டி, அடியில் இறுகிய பவுடரை உதிர்க்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே சின்ன பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் வந்தால் அதையே, இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீரை, கோட்டில் பாதி வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கும் வரை பொறுத்து, மீதியைக் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்கினால், மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். பவுடருக்குள் இருந்த காற்று வெளியேறிய கணக்கு அது. அந்தக் குறையையும் நிரப்பிய பிறகுதான் லேபிளில் போட்ட எண் உண்மையாகும்.

இப்படிக் கலந்தது கரைசல் என்று நினைத்தால், அதுவும் இல்லை. ஒரு மில்லி தண்ணீரில் அமாக்சிசிலின் சுமார் 4 மில்லிகிராம்தான் கரையும். நம் பாட்டிலில் மில்லிக்கு 40 இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு கரையாமல் தூளாகவே மிதக்கிறது. கரைத்த கேழ்வரகு மாவை ஓரமாக வைத்தால் மேலே தெளிந்து அடியில் மண்டி தங்குமே, அதேதான். பிசின் போன்ற பொருள்களைச் சேர்த்து இந்தப் படிவைத் தாமதப்படுத்துகிறார்கள். தடுத்து நிறுத்த முடியாது. குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் தெளிவும் கடைசி நாள் மண்டியும் போகும். குலுக்கிய உடனே அளந்தாலோ நுரையும் சேர்ந்து அளவாகிவிடும்; அரை நிமிடம் பொறுக்கலாம்.

அப்புறம் ஸ்பூன். எங்கள் வீட்டு டீஸ்பூன்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் சிரிஞ்சால் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒன்று 3 மில்லியிலேயே வழிந்தது. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த கனமான ஸ்பூன் 6 மில்லி பிடித்தது. மூடியோடு வரும் பிளாஸ்டிக் கப் பரவாயில்லை. ஆனால் அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்கக் கூடாது, மேஜையில் வைத்துக் கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும். ஊசி இல்லாத சிரிஞ்சுதான் இருப்பதில் துல்லியம். அமெரிக்காவில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 2,110 பெற்றோரிடம் ஆளுக்கு 9 முறை மருந்து அளக்கச் சொன்னார்கள். 84 சதவீதம் பேர் ஒரு முறையாவது 20 சதவீதத்துக்கு மேல் பிசகினார்கள். சிரிஞ்சைவிடக் கப்பில் தவறுக்கான வாய்ப்பு 4 மடங்குக்கு மேல் இருந்தது. படித்தவர்களுக்கும் நேர்கிற தவறுதான் இது.

இதைவிடப் பெரிய பள்ளம் கடை மேஜையில் இருக்கிறது. ஒரே பெயரில் 5 மில்லிக்கு 228.5 என்றும் 457 என்றும் இரண்டு சிரப்புகள் உண்டு. பெட்டி ஜாடையும் ஒன்றாகவே இருக்கும். ஒன்று இல்லையென்று மற்றதைக் கொடுத்து, நாமும் அதே 5 மில்லியை ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் இன்னும் செறிவு. அமாக்சிசிலின் டிராப்ஸ் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் என்ற கணக்கில் வருகிறது. சீட்டில் எழுதிய பெயரோடு எண்ணையும் பெட்டியோடு ஒட்டிப் பார்த்துவிட்டே காசைக் கொடுக்க வேண்டும்.

புகட்டும் விஷயத்தில் அம்மாவிடம் வாதாடுவது கஷ்டம். என்னையும் தம்பியையும் காலை நீட்டிப் படுக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, சங்கில் ஊற்றி வளர்த்த கை. மூக்கை அடைத்தால் குழந்தை வாயால் மூச்சிழுக்கும். அந்த நேரம் பார்த்து வாயில் மருந்து இருந்தால் அது நுரையீரலுக்குப் போகப் பார்க்கும். அதனால் நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து, ஒரு மில்லிக்கும் குறைவாகத் தள்ளி, விழுங்கியதும் அடுத்தது. நாக்கின் பின்புறம் பீய்ச்சினால் குமட்டி எல்லாம் வெளியே வந்துவிடும். சிரிஞ்சு நுனியில் சின்ன மூடி இருந்தால் முன்னமே கழற்றித் தூர வைக்க வேண்டும், தொண்டையில் சிக்கும். ஒரு டம்ளர் பாலில் கலப்பதும் உதவாது. பாதிப் பாலை மிச்சம் வைத்தால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்கவே கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் பாக்டீரியா வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

கொடுத்து அரை மணி நேரத்துக்குள் முழுதாக வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம் என்பது அமாக்சிசிலினுக்கு வழக்கமான அறிவுரை; திரும்பத் திரும்ப எடுத்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். சாப்பாட்டின் தொடக்கத்தில் கொடுத்தால் கிளாவுலானிக் அமிலம் கிளப்பும் வயிற்றுப்போக்கு கொஞ்சம் மட்டுப்படும். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இரைத்தால், அடுத்த வேளையைப் பற்றி யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நேரமும் அளவைப் போலவே முக்கியம். அமாக்சிசிலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகும். எவ்வளவு உச்சம் போனது என்பதைவிட, பாக்டீரியாவை அடக்கும் அளவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றது என்பதே இதில் பேச்சு. காலை 8, இரவு 8 என்று பிரிக்கச் சொல்வதற்கும், ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்ததோடு சேர்த்து இரண்டாகக் கொடுக்காதே என்பதற்கும் அதுவே காரணம். அசித்ரோமைசின் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் அதற்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும்.

அம்மா நீர்க்கக் கலந்த பாட்டிலைக் கொட்டிவிட்டு வேறு இரண்டு வாங்கி வந்தேன். நாளுக்கு 10 மில்லி வீதம் 5 நாளைக்கு 50 மில்லி வேண்டும், பாட்டிலோ 30. இரண்டையும் ஒரேயடியாகக் கலந்து வைத்துவிடலாமே என்று தோன்றும். இரண்டாவதைப் பவுடராகவே அலமாரியில் விட்டு, நாலாம் நாள் காலையில்தான் கலந்தேன். கடைசியில் 10 மில்லி மிஞ்சியது. "அடுத்த தடவை காது வலிச்சா ஆகுமே" என்று அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் செருகினார். பெட்டியின் ஓரத்தில் இருந்த செங்குத்துச் சிவப்புக் கோட்டை அவருக்குக் காட்டினேன். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பதற்கான அடையாளம் அது, 2016இல் மத்திய அரசு அதற்கென்று ஒரு பிரச்சாரமே தொடங்கியது. அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. பேனாவால் எழுதியிருந்த தேதியிலிருந்து ஏழு நாளை விரல்விட்டு எண்ணிக் காட்டியதும்தான் எடுத்துக் கொடுத்தார். காபித்தூள் சக்கையோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன். சிரிஞ்சை மட்டும் அம்மா விடவில்லை. கழுவிக் காயவைத்து, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் சங்கோடு சேர்த்து வைத்திருக்கிறார்.