பி-டே: மார்மன் மிஷனரி வீட்டுக்குப் பேசும் நாள்

'பிரிபரேஷன் டே' என்பதைச் சுருக்கிச் சொல்வதுதான் பி-டே. மார்மன் சபையின் இளம் மிஷனரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, வீடு வீடாகப் போய்ப் போதிக்கும் வேலையிலிருந்து விலக்கு உண்டு. துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு வாங்குவது, குடியிருக்கும் அறையைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் அன்றைக்குத்தான். அம்மா அப்பாவுக்கு எழுதுவதும் பேசுவதும் அன்றைக்குத்தான். பெயரில் இந்தக் கடைசி வேலைக்கு இடமில்லை. ஆனால் ஊரில் காத்திருக்கும் வீட்டாருக்குப் பி-டே என்றால் இது ஒன்றுதான்.

முதலில் எழுத்துப் பஞ்சாயத்தை முடித்துவிடலாம். ஆங்கில உச்சரிப்பின்படி நெடிலாக 'பீ-டே' என்றுதான் எழுத வேண்டும். தமிழில் அப்படி எழுதினால் என்ன பொருள் வரும் என்று விளக்கத் தேவையில்லை. ஆகவே குறில். குறிலிலும் சிலருக்கு 'பர்த்டே'யின் சுருக்கமோ என்ற மயக்கம் வரும், அது பரவாயில்லை.

சொல்லுக்குள் போகுமுன் இந்த மிஷன் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 'மார்மன்' என்று நாம் சொல்லும் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. மார்மன் என்ற பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரைச் சொல்லுங்கள் என்று சபையே 2018-ல் கேட்டுக்கொண்டது. பழக்கத்தில் இருப்பதால் இங்கே பட்டப்பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சபையில் மிஷன் என்பது குருமார்களின் தொழில் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த சாதாரணப் பிள்ளைகள் போகிறார்கள். ஆண்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். ஆண்கள் 19 வயதில்தான் போகலாம் என்றிருந்ததை 2012-ல் 18 ஆக்கினார்கள். எந்த ஊர், எந்த மொழி என்று சபைத் தலைமை முடிவு செய்யும். பிள்ளைக்கு அதில் பேச்சில்லை. சம்பளமும் கிடையாது. சொல்லப்போனால் வீட்டார்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்க மிஷனரிக்கு மாதம் 400 டாலராக இருந்தது 2020-ல் 500 ஆனது. இப்படி உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப் பட்டையோடு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாகச் சுற்றுவதில்லை, இரண்டிரண்டு பேராக. இயேசு தன் சீடர்களை அப்படி அனுப்பினார் என்ற வேதாகமச் செய்திதான் ஆதாரம். கூட இருப்பவருக்குக் 'கம்பேனியன்' என்று பெயர். இதைத் 'துணைவர்' என்று பெயர்த்தால் நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை வாசனை அடிக்கும், 'கூட்டாளி' போதும். குளியலறை தவிர மற்ற எல்லா இடத்திலும் கூட்டாளியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போன் பேசும்போதும்.

மணிலாவில் இருக்கும் ஒரு யூட்டாப் பையனை எடுத்துக்கொள்வோம். அவனுக்குத் திங்கட்கிழமை காலை 9 மணி. யூட்டாவில் குளிர்காலக் கணக்குப்படி அது ஞாயிறு மாலை 6. ஆராதனை முடிந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும் நேரம். அம்மா கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, திரையில் முதலில் பார்ப்பது பையனின் கன்னத்தை: இளைத்திருக்கிறானா? அவன் பின்னால் கொடியில் ஐந்தாறு வெள்ளைச் சட்டைகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. அறையின் இன்னொரு மூலையில் கூட்டாளி, காது கேட்காதவர் போல, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். பையன் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்து நடுவில் அந்த ஊர் மொழியான தகலோக்கின் சொல் ஒன்றை விட்டுவிடுகிறான், தங்கை சிரிக்கிறாள். 'சாப்பிட்டாயா' என்று கேட்பது நம் அம்மாக்கள் மட்டும்தான் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

இந்தக் காட்சி 2019-க்கு முன்னால் நடக்க வழியில்லை. அதுவரை இருந்த விதி வாரம் ஒரு கடிதம், பிறகு மின்னஞ்சல் வந்தபின் வாரம் ஒரு மின்னஞ்சல். தொலைபேசி என்றால் ஆண்டுக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸ், மே மாதம் வரும் அன்னையர் தினம். 2 ஆண்டு மிஷனுக்கு மொத்தம் நாலு அழைப்பு! அன்னையர் தினத்தன்று அந்த வீடுகளில் காலையிலிருந்தே வேறு யாரும் போனைத் தொடக் கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இதற்கு விடை மிஷனரிகளின் குழூஉக்குறி ஒன்றிலேயே இருக்கிறது: 'ட்ரங்கி'. ட்ரங்க் என்றால் நம் வீட்டுப் பரணில் கிடக்கிற அதே டிரங்குப் பெட்டிதான். உடம்பு மிஷனில் இருக்க, மனசு பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டவனை ட்ரங்கி என்பார்கள். அடிக்கடி வீட்டுக் குரல் கேட்டால் பிள்ளைக்கு ஊர் நினைப்பு வந்துவிடும், வேலை கெடும் என்பது பழைய கணக்கு. நம் ஊரில் குழந்தையை விடுதியில் விட்டுவிட்டு, 'ஒரு மாசத்துக்கு வந்து பாக்காதீங்க, அழும்' என்று வார்டன் சொல்வாரே, அதே தர்க்கம்.

2019 பிப்ரவரி 15 அன்று சபை இதை மாற்றியது. வாரந்தோறும் பி-டேயில் பெற்றோரோடு போன், குறுஞ்செய்தி, வீடியோ எதில் வேண்டுமானாலும் பேசலாம். பெற்றோர் பிறந்தநாள் போன்ற விசேஷங்களிலும் பேசலாம். குடும்பத்தாரும் மிஷன் அனுபவத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். கூடவே இரண்டு நிபந்தனை. அழைப்பது மிஷனரியாக இருக்க வேண்டும், வீட்டார் நினைத்த நேரத்தில் கூப்பிட முடியாது. எல்லாரும் ஒவ்வொரு வாரமும் பேசியே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. எழுதினால் போதும் என்பவர் எழுதலாம். இந்த இரண்டாவது நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. பேசப் பிரியமில்லாத பிள்ளை, பேசினால் அழுகை வரும் பிள்ளை என்று எத்தனையோ விதம் இருக்கிறதே.

பழங்காலத்தில் பி-டே என்ற சொல்லும் இல்லை, வாரக் கணக்கும் இல்லை. 1854-ல் ஜோசப் எஃப். ஸ்மித் என்ற பையன் 15 வயதில் ஹவாய்த் தீவுக்கு மிஷனரியாக அனுப்பப்பட்டான். சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் மகன். அப்பா கொல்லப்பட்டு, அம்மாவும் 1852-ல் இறந்துவிட்டதால், அவனுக்கு வீடு என்பது யூட்டாவில் இருந்த தங்கை மார்த்தா ஆன்தான். அவளுக்கு வயது 13. பாலைவனம் கடந்து, கப்பல் ஏறி, மாதக்கணக்கில் போய்ச் சேரும் கடிதங்கள். அந்த அண்ணன் தங்கைக் கடிதப் போக்குவரத்து மிஷனோடு நிற்கவில்லை. அவர் 1901-ல் சபையின் தலைவரான பிறகும், மொத்தத்தில் 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

அதே காலத்தில் நம் சென்னைக்கும் ஒருவர் வந்தார். சால்ட் லேக் சிட்டியில் 1849-ல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன், மனைவி மக்களை அங்கேயே விட்டுவிட்டு 1853-ல் சென்னையில் இறங்கி, சுமார் ஓராண்டு போதித்துப் பார்த்தார். பெரிய பலன் இல்லை, திரும்பிவிட்டார்.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். பிரிபரேஷன் லத்தீன் வழிச் சொல். 'பிரே' என்றால் முன், 'பராரே' என்றால் ஆயத்தம் செய்தல். முன்கூட்டியே ஆயத்தம் செய்வது. மிஷனரிகளின் இந்த ஒரு நாளுக்கு முன்பு 'டைவர்ஷன் டே' என்ற பெயர் வழங்கியது, சுருக்கமாக டி-டே. டைவர்ஷன் என்றால் இங்கே பொழுதுபோக்கு, மனசுக்கு ஒரு மாற்றம். 'சாலைப் பணி நடைபெறுகிறது' பலகையின் டைவர்ஷனும் வேரில் இதுவேதான்: போகிற வழியை விட்டுத் திரும்புதல். திரும்புவது என்ற கருத்தே பெரியவர்களுக்கு உறுத்தியிருக்கும் போலிருக்கிறது. பிரிபரேஷன் என்று மாற்றியதில் அந்த நாளின் இலக்கணமே மாறிவிட்டது. வேலையிலிருந்து விலகும் நாள் அடுத்த ஆறு நாள் வேலைக்கான முன்னேற்பாட்டு நாளானது. வீட்டுக்குப் பேசுவதும் அந்தக் கணக்கில் ஒரு முன்னேற்பாடு, சட்டையைத் துவைத்து இஸ்திரி போடுவது மாதிரி. மாலை வந்தால் பி-டே முடிந்தது, மறுபடி பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

வேதாகமத்திலும் ஓர் ஆயத்த நாள் உண்டு. யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே சமைத்து வைத்துக்கொள்வார்கள். கிரேக்கத்தில் அதன் பெயர் 'பரஸ்கெவி'. இன்றைக்கும் கிரேக்கர்களுக்கு வெள்ளிக்கிழமையின் பெயரே அதுதான். இயேசு சிலுவையில் இறந்த நாளைச் சொல்லும்போது மாற்கு நற்செய்தியின் தமிழ் 'ஆயத்தநாள்' என்கிறது. மிஷனரியின் திங்கட்கிழமைக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

இனி தமிழில் என்ன சொல்வது? கைக்கு முதலில் வருவது 'ஓய்வு நாள்'. இது கூடவே கூடாது. இந்தச் சபைக்கு ஓய்வுநாள் ஞாயிறு. அன்று கடைக்குப் போவதும் கூடாது என்று இருப்பவர்கள். கடைக்குப் போவதற்கென்றே இருக்கும் திங்களுக்கு அந்தப் பெயரை வைத்தால் இரண்டும் குழம்பும். 'விடுமுறை' என்றால் மிஷனரியே சண்டைக்கு வருவான். துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதா விடுமுறை? 'தயாரிப்பு நாள்' என்று அகராதியைப் பார்த்து எழுதினால் சினிமாக் கம்பெனியோ தொழிற்சாலையோதான் நினைவுக்கு வருகிறது. தவிர, தயார் உருது வழியாக வந்த சொல். தனித்தமிழ் அன்பர்களுக்கு 'அணியம்' இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் 'அணிய நாள்' என்றால் சட்டை அணியவா நகை அணியவா என்று கேட்பார்கள். கடற்கரையிலோ அணியம் என்றால் படகின் முன்பக்கம்.

ஆகவே 'ஆயத்த நாள்'. ஆயத்தம் வடமொழி வழி வந்தது என்ற குறை சிலருக்கு இருக்கலாம். ஆனால் 'ஆயத்தமாயிருங்கள்' என்று தேவாலயத்தில் கேட்டுக் கேட்டு ஊறிய சொல், ஈழத் தமிழில் அன்றாடப் பேச்சிலும் புழங்குவது. கிறிஸ்தவ வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது, மற்றவர்களுக்கும் எளிதில் புரியும். வெள்ளிக்கிழமையோடு குழப்பம் வரும் இடத்தில் 'மிஷனரியின் ஆயத்த நாள்' என்று சேர்த்துவிட்டால் சரி. அன்றைக்கு எழுதும் மின்னஞ்சல் 'ஆயத்த நாள் மடல்'.

பக்கத்துச் சொற்களில் இரண்டைத் தொட்டுவிட்டுப் போகிறேன். ஆண் மிஷனரிக்கு 'எல்டர்' என்ற பட்டம் உண்டு. வேதாகமத் தமிழைப் பின்பற்றி இந்தச் சபையின் தமிழ் வெளியீடுகள் இதை 'மூப்பர்' என்கின்றன. மீசை சரியாக முளைக்காத 18 வயதுப் பையன் மூப்பர் என்று அழைக்கப்படுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, ஆங்கிலத்திலும் அதே வேடிக்கைதான். மிஷனுக்குப் பொதுவாகக் கிறிஸ்தவத் தமிழில் 'ஊழியம்'. இந்தச் சொல்லுக்கு ஒரு கசப்பான பின்கதை உண்டு: திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கிய வேலைக்கும் ஊழியம் என்றே பெயர். இன்றைக்குக் கூலி வாங்காமல், கைக்காசு போட்டு, விரும்பிப் போகிறவர்களின் வேலைக்கு அதே சொல்.

ட்ரங்கிக்கு? 'வீட்டேக்கம் கொண்டவர்' என்று பெயர்த்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். 'அவன் பெட்டி கட்டிட்டான்' என்றாலே போதும்.