குடுவையில் இருக்கும் திசுவுக்கு சைட்டிஸ் அனுமதி வேண்டுமா?

மருந்துச் செடிகளின் கேலஸ் (வடிவம் பெறாத செல் திரள்), செல் வளர்ப்பு, வேர் வளர்ப்பு ஆகியவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: கிருமி நீக்கிய குடுவையில் இருந்தால் சைட்டிஸ் (அழியும் ஆபத்தில் உள்ள செடி, விலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) அனுமதி தேவையில்லை. அது எல்லாச் செடிக்கும் பொருந்தாது.

1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், பல செடிகளின் பெயருக்கு அருகே # குறியும் ஓர் எண்ணும் இருக்கும். எதற்கு விலக்கு என்பதை அந்த எண்தான் சொல்கிறது. #4 என்றால், திட அல்லது திரவ ஊடகத்தில் வளர்ந்து கிருமி நீக்கிய கலனில் போகும் திசுவுக்கு விலக்கு உண்டு. ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மூலப்பொருளான டயாஸ்ஜெனின் தரும் டயாஸ்கோரியா டெல்டாய்டியா இந்த வகை. அகிலுக்கான #14 குறிப்பிலும் இதே விலக்கு இருக்கிறது. நாற்றைக் குடுவையிலிருந்து எடுத்துத் தட்டில் நட்டுவிட்டால் விலக்கு போய்விடும்.

சிக்கல் #2-இல்தான். அதில் விதை, மகரந்தம், சில்லறை விற்பனைக்குப் பொதியிட்டுத் தயாரான பொருள் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு. திசு வளர்ப்புக்கு இல்லை. சர்ப்பகந்தா, சடாமாஞ்சில், கடுகுரோகிணி, போடோபில்லம் ஹெக்ஸாண்ட்ரம், பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்துக்காக வளர்க்கப்படும் டாக்சஸ் சைனென்சிஸ் எல்லாம் #2. மருந்துத் துறை தேடும் செடிகள் இங்கேதான் குவிந்திருக்கின்றன. செல்களிலிருந்து பிரித்த சாற்றைப் பீப்பாயில் அனுப்பினாலும் அனுமதி வேண்டும். மேலும் பதப்படுத்த வேண்டிய பொருளை 'தயாரான பொருள்' என்று ஏற்கமாட்டார்கள். கோஷ்டம் அழியும் ஆபத்து மிகுந்தவற்றுக்கான முதல் பட்டியலில் இருப்பதால் விதி இன்னும் கடுமை. வணிகத்துக்காகச் செயற்கையாகப் பெருக்கியது என்று நிரூபித்தால் மட்டும் இரண்டாம் பட்டியல் செடியாகக் கருதப்படும்.

விண்ணப்பத்தை உங்கள் நாட்டின் சைட்டிஸ் மேலாண்மை அமைப்பிடம் கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள அறிவியல் பெயர், குடுவைகளின் எண்ணிக்கை, செடி எப்படிக் கிடைத்தது என்பதைக் காட்டும் எழுத்தான மூலக் குறியீடு ஆகியவை அவசியம். செயற்கைப் பெருக்கத்துக்கு 'ஏ'. முதல் பட்டியல் செடியை வணிகத்துக்காகப் பெருக்கியிருந்தால் 'டி'. விண்ணப்பங்கள் இடறுவது பெரும்பாலும் இந்தக் குறியீட்டில்தான். கேலஸிலிருந்து பெருக்கியதையும் செயற்கைப் பெருக்கமாக ஏற்கிறார்கள், ஆனால் தாய்ச்செடி சட்டப்படி பெறப்பட்டு, வளர்ப்பில் பராமரிக்கப்படுவதாக இருக்க வேண்டும். போன மாதம் காட்டிலிருந்து வெட்டிய தண்டில் தொடங்கிய வளர்ப்புக்கு, ஆய்வகம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் 'ஏ' கிடைக்காது. ஆகவே தாய்ச்செடி வந்த வழிக்கான ஆவணம், தொடக்கத் தேதி, ஒவ்வொரு மறுவளர்ப்பின் (புது ஊடகத்துக்கு மாற்றியதன்) பதிவு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். பிறகு உட்கார்ந்து எழுதிய பதிவேடு தேதிகளிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்றுமதி அனுமதி ஆறு மாதம்தான் செல்லும். சரக்கு போன பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அப்படிப் பிறகு தரப்படும் அனுமதி மிக அரிதான விதிவிலக்கு.

நித்தியகல்யாணி, வல்லாரை போன்றவை சைட்டிஸ் பட்டியலிலேயே இல்லை. அவற்றுக்கும் பயிர்நலச் சான்று (பூச்சி, நோய் இல்லை என்பதற்கான சான்று) கேட்கப்படலாம். மூலச்செடி வேறு நாட்டிலிருந்து வந்திருந்தால் மரபு வளங்களைப் பெறுவதையும் பலனைப் பகிர்வதையும் ஒழுங்குபடுத்தி 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி அந்நாட்டின் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம். இது தனி விண்ணப்பம். சைட்டிஸ் தாள் கையில் இருப்பது இதற்குப் போதாது.