பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுல உக்காந்து இங்கிலீஷ் நாவல் படிச்சா வார்த்தை எப்படி ஒட்டுது

ஒரு பல்கேரியாக்காரர் கையில ஒரு இங்கிலீஷ் நாவலைக் குடுத்துட்டு, எந்தெந்த வார்த்தைல தடுக்கி விழறார்னு பக்கத்துல உக்காந்து பாத்தீங்கன்னா கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். மெலன்கலி, அம்பிவலன்ட், கேட்டஸ்ட்ரஃபி மாதிரி ஆளை மிரட்டற வார்த்தையெல்லாம் அவர் கண்டுக்காம தாண்டிப் போயிடுவார். ஆனா 'ட்ரட்ஜ்'னு (களைச்சுப்போய் நடக்கறது) ஒண்ணு வரும், 'ஸ்க்விண்ட்'னு (கண்ணைச் சுருக்கிப் பாக்கறது) ஒண்ணு வரும், ஒரே அசை, ஆறேழு எழுத்து, அங்க நின்னுடுவார்.

காரணம் ரொம்பப் பழசு. 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சப்போ பிரெஞ்சு உள்ள வந்துச்சு, அப்புறம் படிச்சவங்க லத்தீன்லேருந்தும் கிரேக்கத்துலேருந்தும் மூட்டை மூட்டையா வார்த்தை இறக்கினாங்க. பல்கேரிய மொழியும் பின்னாடி ரஷ்யன், பிரெஞ்சு, ஜெர்மன் வழியா அதே குடோன்லேருந்துதான் சரக்கு எடுத்துச்சு. அதனால மெலன்கலி அங்க 'மெலன்ஹோலியா', கேட்டஸ்ட்ரஃபி அங்க 'கதஸ்த்ரோஃபா', ஓசிலயே கிடைச்ச வார்த்தைங்க. இங்கிலீஷோட அடியில கிடக்கற பழைய ஜெர்மானிய வார்த்தைங்க அப்படி இல்ல. ரெண்டு மொழியும் தூரத்துச் சொந்தம்தான், மூக்கு அங்க 'நோஸ்', சகோதரி 'செஸ்த்ரா', பனி 'ஸ்னியாக்'னு குடும்பச் சாயல் தெரியும், ஆனா அதெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் வார்த்தை, ட்ரட்ஜுக்கு உதவாது. கதைப் புத்தகத்துல கொட்டிக் கிடக்கறதோ இந்தக் கீழ்த்தட்டு சரக்குதான், யாரோ முறைக்கறாங்க, தோளைக் குலுக்கறாங்க, தயங்கித் தயங்கி நடக்கறாங்க, தூரத்துல வெளிச்சம் மினுங்குது. நியூஸும் ரிப்போர்ட்டும் படிச்சே இங்கிலீஷ்ல தேறினவங்க கண்ணுல இதெல்லாம் அவ்வளவா பட்டிருக்காது.

இதுல மொழியோட கட்டமைப்பும் சேந்துக்குது. ஒருத்தன் கால் நொண்டி ரூமுக்குள்ள வரான்னு வைங்க. இங்கிலீஷ்ல 'ஹி லிம்ப்ட் இன்', முடிஞ்சுது, நொண்டறது வினைச்சொல்லுக்குள்ளயே இருக்கு, உள்ள வர்றது ஒரு துக்கடாச் சொல்லா வெளிய தொங்குது. பல்கேரியன்ல 'வ்லேஸே நகூத்ஸ்வைக்கி'ம்பாங்க, முதல் வார்த்தை உள்ள வந்தான், ரெண்டாவது நொண்டிக்கிட்டே. நம்ம தமிழும் அதே கதைதான பாருங்க, "நொண்டிக்கிட்டே உள்ள வந்தான்". அசைவைச் சொல்லும்போது திசையை எங்க வைக்கறது, விதத்தை எங்க வைக்கறதுங்கறதுல மொழிக்கு மொழி வித்தியாசம் இருக்குன்னு லியனார்ட் டால்மிங்கற மொழியியலாளர் 1980கள்ல விரிவா எழுதினார். இங்கிலீஷ் விதத்தை வினைக்குள்ள அடைக்கற ரகம், அதனாலதான் நடக்கறதுக்கு மட்டும் அங்க அத்தனை வார்த்தை. பல்கேரியனும் சும்மா இல்ல, விதத்தைச் சொல்ற வினைங்க அதுலயும் நிறைய உண்டு, ஆனா உள்ள போறது, வெளிய வர்றது, ஏறறது, இறங்கறது எல்லாத்துக்கும் தினசரி வாய்ல வர்ற தனித்தனி வினை இருக்கறதால, விதம் பாதி நேரம் பின்னாடி ஒட்டிக்கிட்டு வரும்.

சரி, இந்த ட்ரட்ஜ் எப்படி மண்டைல ஏறுது? முதல் தடவை பாக்கும்போது மூளை "ஏதோ ஒரு வகை நடை" அப்படின்னு சீட்டு எழுதி ஒரு டப்பாக்குள்ள போட்டுடும். ஷஃபிள், ஸ்ட்ரைட், சான்ட்டர் எல்லாமே அதே டப்பாதான், எல்லாத்துக்கும் அர்த்தம் "நட". இந்த நிலைமைல டெஸ்ட் வச்சா ஃபெயிலு, ஆனா ஒண்ணும் கத்துக்கலன்னும் சொல்ல முடியாது. ரெண்டாவது தடவை பனில ஒருத்தன் ட்ரட்ஜ் பண்றான், மூணாவது தடவை சேத்துல, நாலாவது தடவை மூட்டை தூக்கிக்கிட்டு மேட்டுல, ஒரு தடவை கூட யாரும் ஜாலியா பீச்சுல ட்ரட்ஜ் பண்ணல. பூட்ஸு, களைப்பு, ஈரம், போய்ச் சேர மனசில்லாத இடம், இதெல்லாம் அந்த வார்த்தை மேல ஒண்ணொண்ணா படியும். ஒரு சொல்லை அதோட சகவாசத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்க முடியும்னு ஜே. ஆர். ஃபர்த்ங்கற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957-லயே எழுதி வச்சிருக்கார், இன்னிக்கு கம்ப்யூட்டருக்கு மொழி கத்துக்குடுக்கறதும் கிட்டத்தட்ட இந்த வழிலதான். டிக்‌ஷனரில "களைப்போட கஷ்டப்பட்டு நட"ன்னு ஒரு வரி இருக்கும், தப்பில்ல, ஆனா சேறு அதுல இருக்காது.

இப்ப இடிக்கற விஷயத்துக்கு வருவோம். எந்த மொழிலயும் கொஞ்ச வார்த்தைங்க மறுபடி மறுபடி வரும், மிச்சம் ஏகப்பட்டது எப்பவாவது ஒரு தடவை தலை காட்டும், இதை ஸிஃப் விதின்னு சொல்வாங்க. ஒரு நாவல்ல வர்ற தனித்தனி வார்த்தைங்கள்ல கிட்டத்தட்ட பாதி அந்தப் புத்தகம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் வரும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல போட்ட கணக்குப்படி, ஒரு நாவல்ல வர்ற சொற்கள்ல 98 சதவீதம் தெரிஞ்சிருக்கணும்னா 8,000-லேருந்து 9,000 சொற்குடும்பம் வேணும். ஒரு வேர்ச்சொல்லும் அதுலேருந்து கிளைச்சதெல்லாமும் சேந்தா ஒரு குடும்பம். 98 சதவீதம்னா 300 வார்த்தை உள்ள ஒரு பக்கத்துல 6 தெரியாத வார்த்தை, கதை ஓடும், நடுநடுவுல ஊகிக்கவும் முடியும். அதுவே 90-ன்னா ஒரு பக்கத்துக்கு 30, ஊகிக்கறதுக்குப் பக்கத்துல தெரிஞ்ச வார்த்தையே மிச்சம் இருக்காது. அதனால கதை படிச்சா தானா வந்துடும்னு பொத்தாம் பொதுவா சொல்றவங்க பேச்சை நான் நம்ப மாட்டேன், கீழ்ப்படில நிக்கறவங்களுக்கு அது வெறும் சித்திரவதை. ஏற்கனவே நல்லா தேறினவங்களுக்குத்தான் இந்த வழி, அவங்களுக்கும் ஒரே எழுத்தாளரைத் தொடர்ந்து நாலு புத்தகம் படிக்கறது நாலு பேரை ஒவ்வொண்ணு படிக்கறதை விட லாபம், ஏன்னா ஒவ்வொரு எழுத்தாளருக்கும் சில செல்ல வார்த்தைங்க உண்டு, அந்த ஆள் கைல ட்ரட்ஜ் மாட்டினா பக்கத்துக்குப் பக்கம் ட்ரட்ஜ்தான்.

எத்தனை தடவை பாத்தா ஒட்டும்? 1978-ல சரகி, நேஷன், மைஸ்டர்னு மூணு பேர் பண்ண ஒரு சோதனை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆந்தனி பர்ஜெஸ் எழுதின 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலை இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்ககிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. அதுல வர்ற பசங்க பேசற கொச்சை பெரும்பாலும் ரஷ்யன்லேருந்து உருவினது, படிச்சவங்களுக்கு ரஷ்யன் தெரியாது. வார்த்தைங்களைப் பத்தி டெஸ்ட் வரப்போகுதுன்னும் சொல்லல. கடைசில திடீர்னு அந்தக் கொச்சை வார்த்தைங்களைக் கேட்டப்போ சராசரியா நாலுல மூணு பங்குக்கு சரியான அர்த்தம் சொன்னாங்க, அடிக்கடி வந்த வார்த்தைங்க நல்லாவே ஒட்டியிருந்துச்சு. சும்மா கதை படிச்சாலே வார்த்தை ஒட்டும்ங்கறதுக்கு இது நல்ல சாட்சி. இதே புத்தகத்தை ஒரு பல்கேரியர் படிச்சா சோதனையே பணால், பாலுக்கு வர்ற 'மொலோகோ' அவருக்கு 'மிலியாக்கோ', கை அவருக்கு ஏற்கனவே 'ரக்கா'. ஆனா நண்பனுக்கு வர்ற 'ட்ரூக்'ல மாட்டிக்குவார், ஏன்னா பல்கேரியன்ல 'த்ரூக்'னா "வேற ஒருத்தன்".

நடுவுல தூக்கத்துக்கும் பங்கு இருக்கு. 'கதீட்ரல்' மாதிரியே ஒலிக்கற 'கதீட்ரூக்'னு ஒரு டுபாக்கூர் வார்த்தையை ஆளுங்களுக்குப் பழக்கினா, பழக்கின உடனே அது வெறும் தனித் தகவலா மண்டைல கிடக்கும், ஒரு ராத்திரி தூங்கி எழுந்த அப்புறம்தான் நிஜ கதீட்ரலோட போட்டி போட ஆரம்பிக்குதுன்னு டுமே, காஸ்கெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்ங்க 2007-ல காட்டினாங்க. ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சா 200 பக்கம் முடிக்கறதை விட தினம் 30 பக்கம் படிச்சுட்டுத் தூங்கறது மேல்.

பெரிய வார்த்தைங்க ஓசின்னு சொன்னேன்ல, அந்த ஓசிக்குள்ளதான் கண்ணி. பல்கேரியாவுல 'மகஸின்'னா கடை, 'கிம்னாஸியா'ன்னா உயர்நிலைப் பள்ளி, 'கதஸ்த்ரோஃபா'ன்னா ரோட்டுல நடக்கற சாதாரண ஆக்சிடென்ட் கூட, 'விஸாஜ்'னா மேக்கப் (இங்கிலீஷ்ல விஸேஜ்னா முகம்). 'எவென்துவால்னோ'ன்னா "ஒருவேளை", இங்கிலீஷ்ல எவென்ச்சுவலினா "கடைசில ஒருவழியா". 'பதெதிச்சென்'னா உணர்ச்சி பொங்கற, கம்பீரத் தோரணை உள்ள விஷயம், இங்கிலீஷ்ல பதெட்டிக்னா பரிதாபம், கேவலம். தெரியாத வார்த்தை வந்தா மூளை மணி அடிக்கும், நில்லு, இது புதுசுன்னு. இந்த மாதிரி தெரிஞ்ச முகத்தோட வேற அர்த்தம் வச்சிருக்கற வார்த்தை, அதாவது போலி நண்பன் வந்தா மணியே அடிக்காது, வாக்கியமும் தப்பான அர்த்தத்துல அழகா ஓடும். "எவென்ச்சுவலி வந்தான்"ங்கறதை "ஒருவேளை வந்திருப்பான்"னு படிச்சுட்டு அடுத்த பக்கம் போனா, அந்த ஆள் சாப்பாட்டு மேஜைல உக்காந்து சூப்பு குடிச்சுக்கிட்டு இருப்பான். அப்பத்தான் மணி அடிக்கும். தனி வாக்கியமா மனப்பாடம் பண்ணா இந்தத் திருத்தம் கிடைக்காது, கதைக்குத்தான் அடுத்த பக்கம்னு ஒண்ணு இருக்கு.

தலைகீழான கேஸும் உண்டு. பல்கேரியன்ல கண்ணால பாத்தா 'தொய்தே', வந்தான். அடுத்தவங்க சொல்லிக் கேட்டா 'தொஷால்', வந்தானாம். நம்ம "ஆம்" மாதிரியே வினையோட வடிவத்துலயே இருக்கு. இங்கிலீஷ்ல அப்படி ஒரு விகுதி கிடையாது, அப்பேரன்ட்லி, சப்போஸட்லி, அலெஜட்லின்னு தனிச் சொல்லைக் கொண்டாந்து நிறுத்தணும், ஒவ்வொண்ணுலயும் சந்தேகத்தோட அளவு வேற. பல்கேரிய வாசகருக்கு விஷயம் முன்னாடியே தெரியும், லேபிள் மட்டும்தான் புதுசு, அதனால இது மத்தவங்களை விட அவங்களுக்கு சீக்கிரம் பிடிபடணும்ங்கறது என் ஊகம்.

கடைசியா காது. பல்கேரிய எழுத்து 30, பெரும்பாலும் எழுதற மாதிரியே வாசிக்கலாம். அந்தப் பழக்கத்தோட இங்கிலீஷ் நாவலை மௌனமா படிச்சா, ஒவ்வொரு வார்த்தைக்கும் மனசுக்குள்ள ஒரு சொந்த உச்சரிப்பு உண்டாகிடும், பத்து வருஷம் யாரும் திருத்த மாட்டாங்க. இதுல எனக்கும் பங்கு உண்டு, எபிடமியை (epitome) எபிடோம்னும் மிஸ்லெட்டை (misled) மைசில்ட்னும் ரொம்ப நாள் படிச்சிருக்கேன். பல்கேரியருக்கு இதுக்கு மேல ஒரு தொந்தரவு, அவங்க மொழில சொல் கடைசில வர்ற g, d ஒலியெல்லாம் k, t-யா மாறிடும், அதனால bad (கெட்டது), bat (வௌவால்) ரெண்டும் வாய்ல ஒண்ணாயிடும். அதே நாவலோட ஆடியோபுக்கைப் போட்டுக்கிட்டு பக்கத்தையும் பாத்துக்கிட்டே போனா, எங்கயோ நடுவுல ஒரு தெரியாத வார்த்தை காதுல விழும், கண்ணு பக்கத்துக்குப் போகும், பாத்தா அது பத்து வருஷமா தெரிஞ்ச மைசில்ட்.