85 போய் 105 வந்திருக்கிறது: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் ஸ்காலர்ஷிப் கணக்கு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஏறக்குறைய முப்பது வருஷம் இரண்டு எண்கள் கட்டிப்போட்டிருந்தன. மேல்மட்டப் பிரிவில் ஓர் அணி ஒரே சமயத்தில் 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். அதில் வருஷத்துக்குப் புதிதாக 25 பேரைத்தான் சேர்க்கலாம். ஒரு மாணவன் நான்கு சீசன் ஆடலாம். அதை முடிக்க அவனுக்கு ஐந்து வருஷம் அவகாசம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 25 பேர் என்றால் நாலு வருஷத்தில் 100 பேர். ஐந்தாவது வருஷமும் எல்லோரும் தங்கினால் 125. இருக்கிற இடம் 85தான். சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் கடைசிவரை இருந்தால் வருஷத்துக்கு 17லிருந்து 21 பேருக்கு மேல் தேவையே இல்லை. அப்படியும் பெரிய அணிகள் 25ஐ நிரப்பத்தான் பார்த்தன. ஒவ்வொரு வருஷத்துச் சேர்க்கையிலும் சிலர் பாதியில் போய்விடுவார்கள் என்பது கணக்கிலேயே இருந்தது. படிப்பில் தேறாதவர்கள், காயப்பட்டவர்கள், வீட்டு நினைப்பில் ஊர் திரும்புகிறவர்கள், சீக்கிரமே தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போகிறவர்கள் என்று இடம் தானாகக் காலியாகும். தானாகக் காலியாகாத வருஷங்களில் காலி செய்ய வைத்தவர்களும் உண்டு. இந்த விதிகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தக் கூட்டலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்றைக்கு அந்த இரண்டு எண்களுமே இல்லை. 25 என்ற வரம்பு 2022இல் போனது. 85 என்ற வரம்பு 2025இல் போனது. அதற்குப் பதிலாக வந்திருப்பது 105. பார்வைக்கு 20 இடம் கூடியது போலத் தெரியும். பல மாணவர்களுக்கு அது இடம் பறிபோன கதை. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

இந்த விதிகளைப் போடுவது அரசாங்கம் இல்லை. என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரிகளின் சங்கம். 1973க்கு முன்பு நாடு முழுவதற்கும் பொதுவான உச்சவரம்பு கிடையாது. பணமிருந்த பல்கலைக்கழகங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஸ்காலர்ஷிப்பில் வைத்திருந்தன. ஒரு பையனைத் தாங்கள் ஆட வைக்காவிட்டாலும் பரவாயில்லை, எதிரணிக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று பிடித்து வைத்ததும் உண்டு. 1973இல் மொத்தம் 105, வருஷத்துக்குப் புதிதாக 30 என்று முதன்முதலாக வரம்பு வந்தது. 1978இல் அது 95 ஆனது. 1992இலிருந்து 92, 88 என்று படிப்படியாக இறக்கி, 1994இல் 85இல் நிறுத்தினார்கள். செலவைக் குறைப்பது ஒரு காரணம். பெண்களுக்கும் சம வாய்ப்பு கேட்ட 1972ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டத்துக்குப் பிறகு, ஆண்கள் ஆடும் ஓர் ஆட்டத்துக்கே இவ்வளவு பணம் போவதை நியாயப்படுத்துவது கஷ்டமானது இன்னொரு காரணம்.

85 என்பது முதல் டிவிஷனில் மேல்மட்டமான எஃப்.பி.எஸ். பிரிவுக்கு மட்டும். அதற்கு அடுத்த எஃப்.சி.எஸ். பிரிவில் 63 முழு ஸ்காலர்ஷிப்புக்கான பணத்தை 85 பேர்வரை பிரித்துக் கொடுக்கலாம் என்று இருந்தது. இரண்டாம் டிவிஷனில் 36. மூன்றாம் டிவிஷனிலும், ஹார்வர்டு, யேல் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

சரி, 25 என்று ஒரு வரம்பு இருந்தும் அதை எப்படித் தாண்டினார்கள்? அந்த விதி எண்ணியது ஆகஸ்டில் வந்து சேர்ந்து உதவித்தொகை வாங்குகிறவர்களை. இந்தக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிப்ரவரியில் கையெழுத்துப் போடுகிறவர்களை அது எண்ணவில்லை. இந்த இடைவெளியில்தான் அத்தனை தில்லுமுல்லும் நடந்தது. 2009இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஹூஸ்டன் நட் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். சிலர் மதிப்பெண் இல்லாமல் கழன்றுவிடுவார்கள், சிலரை இரண்டு வருஷக் கல்லூரிக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. அவருடைய லீகான எஸ்.இ.சி. உடனே 28 என்று உச்சவரம்பு போட்டது. அதற்கு ஹூஸ்டன் நட் விதி என்றே பெயர் நிலைத்தது. 2011இல் அதே லீக் அதை 25ஆகக் குறைத்தது. கையெழுத்துக்கே 25தான் என்று என்.சி.ஏ.ஏ. நாடு முழுவதற்கும் விதித்தது 2017இல்.

கன்ஃபர்ம் டிக்கெட் என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு, வண்டி கிளம்பும் நேரத்தில் இடமில்லை என்று இறக்கிவிடுவது மாதிரியான வேலை இது. இறக்கிவிடப்பட்டவனுக்குக் கிடைத்தது கிரேஷர்ட் என்ற ஏற்பாடு: ஆகஸ்டில் சேராதே, அரை வருஷம் சொந்தச் செலவில் காத்திரு, ஜனவரியில் வா, அடுத்த வருஷக் கணக்கில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பே இதைச் சொல்லியிருந்தால் அது ஒரு நேர்மையான ஒப்பந்தம். மற்ற கல்லூரிகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த பையனிடம் ஜூலை மாதம் சொன்னால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

காயப்பட்டவர்கள் விஷயமும் இருக்கிறது. இனி ஆட முடியாது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த மாணவன் படிப்பைத் தொடரலாம், பணமும் வரும், 85இல் அவன் எண்ணப்படமாட்டான். விதி நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் இடம் இறுக்கமாக இருக்கும் அணியில், இன்னும் ஆட முடியும் என்று நம்பும் ஒரு மாணவனை அந்தச் சான்றை நோக்கித் தள்ளவும் இதே விதி வழி விட்டது.

இவ்வளவும் எப்படிச் சாத்தியமானது என்றால், ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்குத்தான் என்ற விதியால். வரம்பு வந்த அதே 1973இல்தான் நான்கு வருஷ உத்தரவாதத்தையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் புதுப்பித்தால் உண்டு. பல வருஷ ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்ற அனுமதி திரும்ப வர 2012 ஆகிவிட்டது. சரியாக ஆடவில்லை என்று ஸ்காலர்ஷிப்பை ரத்து செய்யக்கூடாது என்று ஐந்து பெரிய லீகுகள் 2015இல் முடிவெடுத்தன. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தப் பாதுகாப்பு முதல் டிவிஷன் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். என்னைக் கேட்டால், கடந்த ஐம்பது வருஷத்தில் மாணவன் பக்கம் நின்று எழுதப்பட்ட விதிகளில் இதுதான் மிகப் பெரியது. 85, 105 பற்றி நடக்கும் சத்தத்தில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

இதற்கு நடுவில் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2018 அக்டோபரில் தொடங்கிய ஒரு பெயர்ப் பட்டியல்தான் அது. அதில் பெயர் ஏறினால் மற்றக் கல்லூரிகள் அந்த மாணவனோடு பேசலாம். 2021இல், கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடும் தளர்ந்தது. ஒரே குளிர்காலத்தில் இருபது, முப்பது பேர் கிளம்பிப்போகும் அணிகள் உருவாயின. வருஷத்துக்கு 25 பேர்தான் என்றால் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. முதலில் கூடுதலாக 7 பேர் என்று சலுகை கொடுத்தார்கள். 2022இல் 25ஐ இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அது திரும்பி வரவேயில்லை.

25 போனதால் பள்ளியிலிருந்து நேராக வரும் பையன்களுக்கு இடம் கூடியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது தலைகீழ். 18 வயதுப் பையனை இரண்டு வருஷம் வளர்த்து எடுப்பதைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக் காட்டிய 21 வயதுக்காரனை எடுப்பது பயிற்சியாளருக்குச் சௌகரியம். வருஷாந்திர உச்சவரம்பு இல்லாததால் எத்தனை பேரை வேண்டுமானாலும் அப்படி எடுக்கலாம்.

இப்போது 105க்கு வருவோம். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸ் 2020இல் என்.சி.ஏ.ஏ. மீது வழக்குப் போட்டார். மாணவர்களை வைத்து வரும் பணத்தில் மாணவர்களுக்குப் பங்கில்லை என்பது வழக்கின் சாரம். கலிஃபோர்னியாவில் நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று அதன் சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தார். பழைய மாணவர்களுக்கு ஏறக்குறைய 280 கோடி டாலர் இழப்பீடு. இப்போதைய மாணவர்களுக்கு ஒவ்வொரு கல்லூரியும் 2025–26இல் 2.05 கோடி டாலர்வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். அதோடு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கான வரம்பு நீங்கி, அணியில் மொத்தம் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு அது 105.

பழைய 85 பணம் வாங்குகிறவர்களை மட்டும் எண்ணியது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் இருக்கும் வாக்-ஆன் மாணவர்களுக்கு அதில் வரம்பு இல்லை. அவர்களையும் சேர்த்தால் பல அணிகளில் 120ஐத் தாண்டும். புதிய 105 எல்லோரையும் எண்ணுகிறது. 105 பேருக்கும் கல்லூரி ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் 106ஆவது ஆளை, அவன் ஒரு பைசா வாங்காவிட்டாலும், வைத்திருக்க முடியாது.

வாக்-ஆன் என்றால் வெறும் எடுபிடி என்று நினைக்க வேண்டாம். 2017இல், வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய பேக்கர் மேஃபீல்ட் டெக்சஸ் டெக்கிலும் ஓக்லஹோமாவிலும் வாக்-ஆனாக நுழைந்தவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்டெட்சன் பென்னட்டும் அப்படித்தான் தொடங்கினார். யார் கண்ணிலும் படாத பையன் உள்ளே வருவதற்கு இருந்த ஒரே கதவு அது. அந்தக் கதவை இவ்வளவு சுருக்கியது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். மாணவர்களுக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்ற நியாயமான வழக்கில், பணமே கேட்காத மாணவன் வெளியே போக வேண்டியிருந்தது.

வில்கனுக்கும் இது உறுத்தியது. ஒப்புதல் வரும் என்று நம்பிப் பல கல்லூரிகள் முன்கூட்டியே மாணவர்களை வெளியேற்றியிருந்தன. 2025 ஏப்ரலில், இதைச் சரிசெய்யாமல் ஒப்புதல் தர முடியாது என்றார் அவர். அதன் பிறகு, 105 வரம்புக்காக நீக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று தயாரானது. அதில் பெயருள்ள மாணவன் பழைய கல்லூரியிலோ புதிய கல்லூரியிலோ ஆடினால், அவனுடைய ஆடும் காலம் முடியும்வரை 105இல் எண்ணப்படமாட்டான். ஆனால் அவனைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்று கல்லூரிக்குக் கட்டாயம் இல்லை.

ஒப்பந்தத்தில் சேராத கல்லூரிகளுக்கு 105 கிடையாது. பழைய ஸ்காலர்ஷிப் வரம்புகளே தொடரும். ஐவி லீகும், ராணுவ, கடற்படை, விமானப்படை அகாடமிகளும் சேரவில்லை. அந்த அகாடமிகளில் எல்லோருக்குமே கட்டணமில்லாப் படிப்பு என்பதால் அங்கே இந்தக் கணக்கே வேறு.

பையனைச் சேர்க்கப்போகும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது தொகை. முன்பு எஃப்.பி.எஸ். ஃபுட்பாலில் கால்வாசி ஸ்காலர்ஷிப் கொடுத்தாலும் 85இல் ஒரு முழு இடம் போய்விடும். அதனால் ஸ்காலர்ஷிப் என்றாலே கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்ந்த முழுத்தொகை என்று அர்த்தம். இப்போது பிரித்துக் கொடுக்கலாம். அதனால் எத்தனை சதவீதம், எத்தனை வருஷத்துக்கு என்பது தாளில் இருக்க வேண்டும். பயிற்சியாளர் வாயால் சொல்லும் “ஆஃபர்” யாரையும் கட்டுப்படுத்தாது. சேருவேன் என்று மாணவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க 1964இலிருந்து இருந்த தேசிய ஒப்புதல் கடிதம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இன்றைக்குக் கையெழுத்தாவது நிதியுதவி ஒப்பந்தம்தான். கல்லூரி பணப் பங்கும் தருகிறது என்றால் அது தனி ஒப்பந்தம். அதை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

வரியும் உண்டு. படிப்புக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வரும் ஸ்காலர்ஷிப்புக்கு அமெரிக்காவில் வருமான வரி கிடையாது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வரும் தொகை வருமானமாகக் கணக்கிடப்படும். ஆஸ்திரேலியாவிலிருந்து நிறையப் பேர் பன்ட்டராக (பந்தைத் தூரமாக உதைப்பவராக) வருகிறார்கள்; அவர்களைப் போல எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை, பணப் பங்கு வாங்கும் முன் விசா நிபுணரிடம் கேட்டாக வேண்டும்.

அப்புறம், 105 என்பது சீசனின் முதல் ஆட்டத்துக்குள் எட்ட வேண்டிய எண். வசந்தகாலப் பயிற்சியிலும் கோடையிலும் அதற்கு மேலே ஆட்களை வைத்திருக்கலாம். ஆகவே ஜனவரியில் சேர்ந்த வாக்-ஆன் ஆகஸ்ட் கடைசியில் நீக்கப்படலாம். ஸ்காலர்ஷிப் உள்ளவனை அணியிலிருந்து எடுத்தாலும், இடமில்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பணத்தை நிறுத்த முடியாது. அவன் தானாகப் போர்ட்டலில் பெயர் கொடுத்தால் மட்டும் நிலைமை மாறிவிடும்: அந்தப் படிப்புப் பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை வந்துவிடும். “உனக்கு இங்கே ஆட வாய்ப்பில்லை, போர்ட்டலில் பெயர் கொடுத்துவிடு, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்” என்று பயிற்சியாளர் பேசினால், அன்றே எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். உதவித்தொகையைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றால் ஜூலை 1க்குள் கல்லூரி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதை எதிர்த்து முறையிடவும் மாணவனுக்கு உரிமை உண்டு. அந்த முறையீட்டை விசாரிப்பது விளையாட்டுத் துறை இல்லை. அதற்கு வெளியே, கல்லூரியின் பொது நிர்வாகத்தில் இருக்கும் குழு. அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதைச் சேரும் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.