பராக்குப் பார்க்கும் பிள்ளையும் கடைமடைத் தண்ணீரும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி. மகன் 30-வது வாரத்திலேயே பிறந்து, ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து தேறியவன். இப்போது ஐந்து வயது, யூகேஜி. சேட்டையெல்லாம் கிடையாது, ஆனால் டீச்சர் பேசும்போது ஜன்னல் பக்கம் பராக்குப் பார்க்கிறான், மூன்று வேலை சொன்னால் ஒன்றைச் செய்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறான். "குறைமாசத்துல பொறந்ததாலயா சார்? இல்ல நான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேனா?"

செல்லத்தை விடுங்கள். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதம், அது எல்லோருக்கும் தெரியும். ரொம்பவும் சீக்கிரம், அதாவது 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளிடம் கவனக்குறைபாடு (ADHD, கவனம் நிலைக்காததும் அடங்காத துறுதுறுப்பும்) மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதிலும் துள்ளிக் குதிப்பதைவிடக் கவனம் நழுவுவதுதான் கூடுதலாகத் தெரிகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வரும் என்றில்லை.

சரி, ஏன்? இங்கேதான் எனக்குப் பிடித்த மூளைச் செல் வருகிறது: ஆலிகோடெண்ட்ரோசைட். பெயர் வாயில் நுழையாது, வேலை என்னவோ எளிதுதான். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுருள் சுருளாகச் சுற்றும், ஒரே செல் பல இழைகளுக்கு. உறை இல்லாத இழையில் செய்தி நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் ஊரும். உறை போட்ட தடித்த இழைகளில் 100 மீட்டர்கூடப் பாயும். வாய்க்காலுக்குச் சிமெண்ட் தளம் போட்ட மாதிரி. (நிஜ வாய்க்காலில் சிமெண்ட் போடுவதற்கு நான் எதிரி, நிலத்தடி நீர் என்னாவது? அது தனிச் சண்டை. மண்டைக்குள் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.)

24 முதல் 32 வாரம் வரை இந்தச் செல்கள் பெரும்பாலும் முதிராத பருவத்தில் இருக்கின்றன. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலோ கிருமித்தொற்றால் அழற்சி வந்தாலோ தாங்காது. நுரையீரல் பழுக்காமல் வெளியே வந்து, நடுநடுவே மூச்சை நிறுத்திவிடும் குழந்தைக்கு இது இரண்டும் நடக்கிற வாரங்களும் அவைதான். செத்த செல்களுக்குப் பதில் புதியவை ஏராளமாகப் பெருகத்தான் செய்கின்றன, ஆனால் அவற்றில் பல அந்தப் பருவத்திலேயே நின்றுவிடுகின்றன, முதிர்ந்து உறை சுற்றுவதில்லை. பயிர் தூர் கட்டிப் பச்சைப்பசேல் என்று நிற்கிறது, கதிர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

கவனம் என்பது மூளையின் ஒரே மூலையில் இருக்கிற சமாசாரம் இல்லை, தூரதூரமான பகுதிகள் நேரம் தவறாமல் பேசிக்கொள்ள வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும், தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து கடைமடை வயலைத் தொட நாளாகும். மேலே எங்காவது ஒரு மதகு பழுதானாலும் காய்வது கடைமடைதான். மூளையின் கடைமடை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல். கவனத்தைப் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு, உறை போட்டு முடிவதோ கடைசியில்தான், இருபது வயதைத் தாண்டியும் வேலை நடக்கும். அதனால்தான் தவழ்ந்து, நடந்து, பேசி எல்லாம் சரியாகப் போன பிள்ளைக்குக்கூடப் பள்ளிக்கூடம் போனபிறகு சிக்கல் வெளியே தெரிகிறது.

"ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது" என்று இன்னும் சொல்கிறார்கள் பாருங்கள், சுத்தப் பேத்தல். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைத்தார்கள், கங்காரு முறை. பின்னால் ஆய்வுக்காக அப்படி வளர்த்த பிள்ளைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களைவிடப் அடங்காத துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன. எனக்கு அதிசயம் அந்தத் தேடல்தான். நாம் பெட்டி வாங்கத் தருகிற காசை, ஐந்து வயதில் போன் போட்டு "பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்கிற ஆளுக்குத் தருவதில்லை. பெட்டிக்குத் திறப்பு விழா நடத்தலாம், போனுக்கு நடத்த முடியாதே.

அந்த அம்மாவுக்கு: முதலில் காதையும் கண்ணையும் சோதியுங்கள், குறைமாதப் பிள்ளைகளுக்கு இரண்டிலும் கோளாறு வர வாய்ப்பு கூடுதல், சரியாகக் கேட்காத பிள்ளையும் பராக்குதான் பார்க்கும். பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள். கவனக்குறைபாடா இல்லையா என்பதை டீச்சரின் ஒரு புகாரை வைத்து முடிவுகட்ட முடியாது, வீட்டிலும் எப்படி என்று பார்த்துத்தான் அவர் சொல்வார். அதுவரை முதல் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல்லுங்கள், ஜன்னலைவிட்டுத் தள்ளி. அப்புறம் "பையை எடு, ஷூ போடு, தண்ணி பாட்டிலை மறக்காதே" என்று ஒரே மூச்சில் சொல்லாமல், பையை எடுத்தபிறகு ஷூவைச் சொல்லுங்கள்.