மீனுக்கு 50 டிகிரி, பாகுக்கு 105

வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில், ஜப்பானியச் சமையலறையில் கால் மணி நேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய உணவுகளில் ஒன்று, பாகு பூசிய மீன் துண்டைச் சுடுசோற்றின் மேல் வைத்துப் பரிமாறும் டொன்புரி. டொன்புரி என்பது ஆழமான சோற்றுக் கிண்ணத்தையும் அதில் பரிமாறப்படும் உணவையும் ஒருசேரக் குறிக்கும் சொல். மீனின் மேல் பூசும் பாகு தெரியாக்கி முறையைச் சேர்ந்தது. 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் சுட்டது அல்லது வாட்டியது. சோயா சாஸ், மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சாக்கே என்னும் அரிசி மது, சர்க்கரை ஆகிய நான்கு பொருள்களே அந்தப் பளபளப்பைத் தருகின்றன.

செய்முறையைக் கேட்டால் எவரும் செய்துவிடலாம் என்றே தோன்றும். ஆயினும் முதல்முறை செய்யும்போது மீன் வறண்டுபோவதும் பாகு கருகிக் கசப்பதும் அடிக்கடி நிகழ்கின்றன. நான் தொடக்கத்தில் மீனைச் சாஸ் கலவையில் ஊறவைத்து, அந்த ஈரத்தோடே நன்றாகக் காய்ந்த வாணலியில் இட்டேன். வெளிப்புறம் இரண்டே நிமிடத்தில் கருத்துவிட்டது, நடுப்பகுதியோ பச்சையாகவே இருந்தது. மீன் பக்குவமாகும் வெப்பநிலையும் பாகு பக்குவமாகும் வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருக்கின்றன என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. மீனுக்கு 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் போதும். பாகு 100ஐத் தாண்டாமல் பாகாவதே இல்லை. இரண்டையும் ஒரே வாணலியில் எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் இந்தச் சமையலின் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் மீனைப் பார்ப்போம். சால்மன் குளிர்ந்த நீரில் வாழும் மீன். அதன் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அத்தகைய குளிரில் தடையின்றி இயங்க வேண்டிய தசைப் புரதங்கள், 39 டிகிரி வெப்பமுள்ள ஆட்டின் உடலில் இயங்கும் புரதங்களைப் போல இறுக்கமான கட்டமைப்பு உடையவையாக இருக்க இயலாது. தளர்ந்த கட்டமைப்பு குறைந்த வெப்பத்திலேயே குலையும். சால்மனின் தசையில் மிகுதியாக உள்ள மயோசின் என்னும் புரதம் 40 டிகிரியைத் தாண்டியதும் மடிப்பு அவிழ்ந்து, பக்கத்து மூலக்கூறுகளோடு பின்னிக்கொள்ளத் தொடங்குகிறது. கண்ணாடி போல ஒளியை ஊடுருவவிட்ட சதை, 50 டிகிரியை நெருங்கும்போது ஒளிபுகாத வெளிர்நிறம் கொள்வது இதனால்தான். 60ஐத் தாண்டினால் இழைகள் மேலும் சுருங்கி, தம்மிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். 70ஐ ஒட்டி ஆக்டின் என்னும் மற்றொரு புரதமும் உருக்குலையும்போது சதை வறண்டு, நெஞ்சடைக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

மீனின் தசை ஆட்டிறைச்சியைப் போல நீண்ட நார்களால் ஆனதன்று. குறுகிய இழைகள் அடுக்கடுக்காக நிற்க, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே மெல்லிய இணைப்புத் திசு இருக்கிறது. வெட்டிய சால்மன் துண்டில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது அந்தத் திசுவே. அதில் உள்ள முக்கியப் புரதம் கொலாஜன். குளிர்நீர் மீன்களின் கொலாஜன் நிலவிலங்குகளின் கொலாஜனைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் இளகுவதால், மீன் வெந்ததும் அடுக்குகள் தாமாகவே பிரிந்து இதழ் இதழாக வருகின்றன. கரண்டியின் விளிம்பால் மெல்ல அழுத்தியதும் இதழ்கள் நழுவிப் பிரிந்தால் மீன் வெந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சால்மனின் செம்மஞ்சள் நிறம் அஸ்டாக்சாந்தின் என்னும் நிறமியால் வருகிறது. இறால் வகைச் சிற்றுயிர்களை உண்டு கடல் சால்மன் அதைப் பெறுகிறது. பண்ணை சால்மனுக்குத் தீவனத்தில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இறாலை வேகவைக்கும்போது சிவப்பாக மாறுவதும் இதே நிறமியால்தான். அங்கே பச்சை நிலையில் ஒரு புரதம் அதை இறுகப் பற்றி நீலச் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கிறது, வெப்பத்தில் அந்தப் பிடி விடுகிறது. நம் ஊர்ச் சந்தைகளில் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்கப்படும் காலா மீன் உண்மையில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த வெண்சதை மீன். அதிலும் இந்தச் சமையலைச் செய்யலாம். ஆனால் சால்மனின் கொழுப்பு அதில் இல்லாததால், ஒரு நிமிடம் மிகுந்தாலும் வறட்சி உடனே தெரியும்.

சில நேரங்களில் வேகும் மீனின் பக்கங்களில் தயிர்த் திப்பி போன்ற வெண்ணிறக் கசிவு திரளும். அது கொழுப்பன்று, தசை இழைகளுக்கு இடையே கரைந்திருந்த புரதம், இழைகள் சுருங்கும்போது வெளியே தள்ளப்பட்டு, மேற்பரப்பில் உறைந்து நிற்பது. மீனைச் சமைப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் உப்பு நீரில் இட்டு எடுத்தால் இது பெரிதும் குறையும். உப்பு வெளியடுக்குப் புரதங்களைச் சற்றே கரைப்பதால், அவை சுருங்கிப் பிழிவதற்கு மாறாக நீரைப் பிடித்துக்கொண்டு வேகின்றன. உப்பு நீரிலிருந்து எடுத்ததும் மேற்பரப்பை நன்றாக ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரம் இருக்கும் வரை அந்தப் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாத வரை தோல் மொறுமொறுக்காது.

வெப்பம் மீனுக்குள் செல்லும் வேகம் மெதுவானது. அதோடு, துண்டின் கனம் இரு மடங்கானால் நடுப்பகுதி சூடாக எடுக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் வார நாள் சமையலுக்கு இரண்டரை செ.மீ. கனத்துக்கு மிகாத துண்டுகளை வாங்குவது நல்லது. தோல் பக்கம் கீழே இருக்கும்படி மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் வைத்தால், பக்கவாட்டில் வெளிர்நிறம் கீழிருந்து மேலே ஏறுவதைக் கண்ணாலேயே காணலாம். அது மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் திருப்பிப் போட்டு, ஒரு நிமிடத்தில் தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். வெளிப்புறத்தில் சேர்ந்த வெப்பம் இறக்கிய பின்னும் உள்நோக்கிச் சென்று நடுப்பகுதியைச் சில டிகிரி உயர்த்தும். சமையல் வல்லுநர்கள் பலர் நடுப்பகுதி 50 முதல் 52 டிகிரியை எட்டும்போது இறக்குகிறார்கள். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதலோ 63 டிகிரி என்கிறது. கருவுற்றோரும் முதியோரும் சிறு குழந்தைகளும் உண்ணும் தட்டுக்கு 63ஐக் கடைப்பிடியுங்கள் என்றே சொல்வேன். சால்மன் போன்ற கொழுப்பு மீன் அந்த வெப்பத்திலும் ஓரளவு ஈரத்தைக் காத்துக்கொள்கிறது.

இனி பாகு. இரண்டு பேருக்குச் சோயா சாஸ், மிரின், சாக்கே ஒவ்வொன்றும் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி போதும். மீனை எடுத்த வாணலியில் தேங்கியிருக்கும் கொழுப்பைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கலவையை ஊற்ற வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் பாகு மீனில் ஒட்டாமல் வழுக்கும். கலவை கொதிக்கத் தொடங்கியதும், சில நிமிடங்கள் எதுவும் நடவாதது போலத் தோன்றும். பிறகு திடீரெனக் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடித்து, கரண்டியின் பின்புறம் பளபளக்கத் தொடங்கும். அதற்கு மேல் அரை நிமிடம் கவனம் சிதறினால் பாகு கெட்டிப்பட்டுவிடும். இந்தத் திடீர் மாற்றத்துக்குக் காரணம், சர்க்கரைக் கரைசலின் கொதிநிலை அதன் செறிவோடு சீராக உயர்வதில்லை என்பதே. எடையில் 60 சதவீதம் சர்க்கரை உள்ள கரைசல் ஏறக்குறைய 103 டிகிரியில் கொதிக்கும். 70 சதவீதம் என்றால் 105ஐச் சற்றுத் தாண்டும். 80 சதவீதத்தில் 111. 90 சதவீதத்திலோ 123. தொடக்கத்தில் அடுப்பு தரும் வெப்பம் எல்லாம் நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் ஆற்றல் வேண்டும். நீர் குறையக் குறைய, அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் பாகின் வெப்பம் வேகமாக ஏறுகிறது.

அதிரசத்துக்கும் கடலை உருண்டைக்கும் பாகு காய்ச்சுபவர்கள் வெப்பமானி இல்லாமலே கண்டறிந்து வைத்திருக்கும் பதங்கள் இந்த எண்களின் மறுவடிவங்களே. தெரியாக்கிக்கு வேண்டியது கம்பிப் பதத்துக்கு முந்தைய பிசுபிசுப்புப் பதம். விரலிடையே தொட்டால் ஒட்ட வேண்டும், கம்பியாக இழுபடக் கூடாது. ஆறும்போது பாகு இன்னும் கெட்டிப்படும் என்பதால், வாணலியில் சற்று நீர்த்திருக்கும்போதே அடுப்பை அணைப்பதுதான் சரி.

பாகின் நிறமும் மணமும் மாயார் வினையால் பிறக்கின்றன. லூயி கமீல் மாயார் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விவரித்த இந்த வினையில், அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் வெப்பத்தில் சேர்ந்து, பழுப்பு நிறப் பொருள்களையும் நூற்றுக்கணக்கான மணப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. சில வகைச் சர்க்கரைகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் காப்பியில் இடும் வெள்ளைச் சர்க்கரையாகிய சுக்ரோஸ் நேரடியாக இந்த வினையில் ஈடுபடாது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்றவை ஈடுபடும். மிரினின் அருமை இங்கேதான் விளங்குகிறது. வேகவைத்த பசையரிசியோடு கோஜி என்னும் பூஞ்சை வளர்த்த அரிசியையும் ஷோச்சு என்னும் வடிமதுவையும் கலந்து வைத்தால், பூஞ்சையின் நொதிகள் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கின்றன. வடிமது ஈஸ்ட்டை வளரவிடாததால், அந்தக் குளுக்கோஸ் மதுவாக மாறாமல் இனிப்பாகவே தங்கிவிடுகிறது. சோயா சாஸும் இதே பூஞ்சை சோயாவின் புரதத்தை உடைத்துத் தந்த அமினோ அமிலங்கள் நிறைந்தது. மாயார் வினைக்கு வேண்டிய இரு தரப்பும் புட்டிகளிலேயே ஆயத்தமாக இருப்பதால்தான், மூன்று நிமிடக் கொதியில் நீண்ட நேரம் வாட்டிய மணம் கிடைக்கிறது. மது வேண்டாதவர்கள் மிரினுக்கும் சாக்கேக்கும் மாற்றாகத் தேனும் நீரும் சேர்க்கலாம். தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருப்பதால் வினை நடக்கும், ஆனால் ஃபிரக்டோஸ் விரைவில் கருகுவதால் தீயைத் தணித்து வைக்க வேண்டும்.

பளபளப்பு தனிக் கதை. கரடுமுரடான பரப்பு ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். அடர்ந்த பாகு மீனின் மேடுபள்ளங்களை நிரப்பி வழவழப்பான பரப்பாக்குவதால், விளக்கொளி கண்ணாடியில் படுவது போலத் திரும்புகிறது. ஆனால் பாகில் சர்க்கரை படிகமாகத் திரும்பிவிட்டால் பளபளப்பு மறைந்துவிடும். குலாப் ஜாமூன் பாகு பூத்துப் போகாமலிருக்க எலுமிச்சைச் சாறு சில துளி விடுவதை அறிவோம். அமிலம் சுக்ரோஸின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது, வெவ்வேறு வடிவ மூலக்கூறுகள் கலந்திருக்கும்போது படிகம் அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. மிரினில் உள்ள கலப்புச் சர்க்கரைகள் அந்த எலுமிச்சைத் துளியின் வேலையையே செய்கின்றன. மீனை வாட்டுமுன் சோளமாவையோ உருளைக்கிழங்கு மாவையோ மெல்லியதாகத் தூவினால், மாவு வெந்து பாகை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் மீனை வாணலிக்குத் திரும்பக் கொண்டுவந்து, பாகை அரை நிமிடம் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றினால் போதும். அதற்குள் உட்பகுதி அவ்வளவாகச் சூடேறாது.

இந்தச் சுவை நாவில் ஏன் இத்தனை அழுத்தமாக நிற்கிறது என்பதற்கும் விடை உண்டு. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கொம்பு என்னும் கடற்பாசி வகையிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் ஷின்டாரோ கொடாமா உலர்த்திய கட்சுவோ என்னும் சூரை வகை மீனில் அதே சுவை தரும் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேரும்போது சுவை வெறும் கூட்டலாக இல்லாமல் பன்மடங்காகும். சோயா சாஸில் முன்னது, மீன் சதையில் பின்னது.

சாஸில் உள்ள உப்பு முழுவதும் வற்றிய பாகிலேயே தங்குகிறது. என் கணக்குப்படி, முடிவில் பாகின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உப்பே. எனவே சோற்றை உப்பில்லாமல் சமைக்கும் ஜப்பானிய வழக்கம் இங்கே மிகவும் பொருந்துகிறது. அவர்களுடைய குட்டை அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ் என்னும் வகை குறைவு, அமைலோபெக்டின் என்னும் வகை மிகுதி. அதனால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி, குச்சியால் எடுக்க வசதியாக வருகின்றன. அரை மணி நேரம் ஊறவைத்து, வெந்ததும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் புழுங்க விடுகிறார்கள். பருக்கையின் வெளியே மிகுந்த ஈரம் உள்ளே சென்று சமமாவதற்கு அந்த நேரம் வேண்டும். அவசர நாளில் இதற்கெல்லாம் பொழுது இராது. பல ஜப்பானிய வீடுகளில் சோற்றைச் சூட்டோடு பொட்டலமாக மடித்து, ஆவி அடங்கியதும் உறைபெட்டியில் வைத்துவிடுகிறார்கள். மாவுச்சத்து மீண்டும் இறுகிச் சோறு விறைப்பது 4 டிகிரியை ஒட்டிய குளிர்பெட்டி வெப்பத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது. உறைந்த நிலையில் மூலக்கூறுகள் நகர முடியாததால் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வெளியே பல மணி நேரம் வைத்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும், அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழிவதில்லை என்பதாலும் உறைய வைப்பதே நல்ல வழி. மீன் வாணலியில் வேகும் நேரத்துக்குள் அந்தப் பொட்டலம் நுண்ணலை அடுப்பில் ஆவி பறக்கச் சூடாகி, கிண்ணத்துக்கு வந்துவிடும்.